வெயில் குடிக்கும் கடிகாரம்

பாகீரதியின் இல்லற வாழ்க்கை நாற்பது வருஷத்துக்கு மேல் எப்படியோ ஓடியதென்றால், அந்த வீட்டில் எந்த இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகாததுதான் காரணம்.

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், கோயில் குளத்துக்குப் பின்னால் போகும் தெருவில் வீடு. கூடத்துச் சுவர்க் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் முந்தும். அவள் கணவர் பஞ்சாபகேசன் கையில் கட்டியிருந்தது அவருடைய அப்பாவின் வாட்ச். சாவி கொடுத்தால் ஓடும், மழைக்காலத்தில் சுணங்கும். சமையலறைக் கடிகாரம் பிந்தும். அது தானாகப் பிந்துவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பஞ்சாபகேசன் ஸ்டூல் போட்டு ஏறி அதைச் சரிசெய்வார். திங்கட்கிழமை ஒட்டடை அடிக்கிற சாக்கில் பாகீரதி அதன் பெரிய முள்ளைத் துளி பின்னுக்குத் தள்ளிவிடுவாள். ஏதாவது தாமதமானால் "இங்கே இன்னும் ஆகலையே" என்று அதைக் காட்டுவாள். அவர் கூடத்தைக் காட்டுவார். இரண்டுக்கும் நடுவே கிடைத்த அந்தச் சந்தில்தான் அவள் மூச்சு விட்டுக்கொண்டாள்.

அவள் பிறவியிலேயே நிதானம். நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் வளர்ந்தவள். அவளும் தங்கை தர்முவும் கொத்தவரங்காய் நறுக்க உட்கார்ந்தால் பேச்சுதான் நீளும், காய் அப்படியே கிடக்கும். அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் ரயில்வே கன்ட்ரோல் ஆபீசில் வேலை பார்க்கிறவருக்குக் கொடுத்தார்கள். எந்த வண்டி எந்த ஸ்டேஷனை எப்போது தாண்டியது என்று நாள் முழுதும் போனில் கேட்டு, பிந்திய வண்டிக்கு ஆளைப் பிடித்து உலுக்குகிற வேலை அது. ரிட்டயரானதும் வண்டிகள் எல்லாம் கையைவிட்டுப் போயின. பாகீரதி ஒருத்தி மிஞ்சினாள்.

அவர் ஒருநாளும் அவள் மேல் கை வைத்ததில்லை. தெருவில் அதைச் சொல்லி அவரை மெச்சுவார்கள். காபி பிந்தினால் டம்ளரைப் பவ்யமாக வாங்கி, அவள் கண்ணெதிரே வாஷ்பேசினில் கொட்டுவார். பிறகு அன்று முழுக்க அவள் கையால் எதுவும் சாப்பிட மாட்டார். அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிடுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சாயங்காலம் கிழக்கேகோட்டைப் பக்கம் நடந்துவிட்டு வருவார். அங்கே ஓட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார் என்பது அவளுக்குப் பல வருஷம் கழித்து, அவர் கழற்றிப் போட்ட சட்டையில் சட்னி பட்டிருந்ததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவள் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

மகன் கிரீஷுக்கு சிங்கப்பூரில் கன்சல்டன்சி வேலை. மாதத்தில் பாதி நாள் விமானத்தில். ஒரு ஓணம் லீவுக்கு வந்தவன் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கென்று ஒரு பெட்டியை நீட்டினான். உள்ளே கனமான எஃகு வாட்ச். கறுப்பு முகம், சுற்றிலும் உலகத்து ஊர்ப்பெயர்கள் குட்டிக் குட்டி எழுத்தில்.

"எப்பவும் ஃப்ளைட்லயே சுத்தறவாளுக்குன்னு பண்ணினதாக்கும், அப்பா. பேட்டரி மாத்தவே வேண்டாம். வெளிச்சம் பட்டாப் போறும், அதையே சாப்ட்டு ஓடும். எந்த ஊர்ல இறங்கினாலும் இந்த பட்டனை அழுத்தினா, மேலே சாட்டிலைட்டைக் கேட்டு அந்த ஊர் டைமை அதுவே வெச்சுக்கும்."

பஞ்சாபகேசன் கடைசியாக ஊரைத் தாண்டியது நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்கு. இருந்தாலும் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தப்பாகாதோ?"

"சாட்டிலைட்ல இருக்கறது அட்டாமிக் கிளாக். அது தப்பினா உலகமே தப்பினாப்பலதான்."

"கேட்டியோடீ?" என்றார் மனைவியைப் பார்த்து. பிறகு மகனிடம், "உங்கம்மாவுக்கும் எனக்கும் உள்ள தர்க்கம் இன்னியோட தீர்ந்தது" என்றார். கிரீஷ் சிரித்தான். பாகீரதியும் சிரிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் அவர் ஸ்டூல் போட்டு ஏறிச் சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றினார். கூடத்துக் கடிகாரமும் இறங்கியது. அப்பாவின் வாட்ச் பீரோவுக்குள் போனது. "வீட்டுக்கு ஒரு டைம் போறும்" என்றார்.

அந்த டைம் அவர் மணிக்கட்டில் இருந்தது. சமையலறையில் அவளுக்கு மணி என்னவென்று தெரியாது. அவரிடம் வந்து கேட்க வேண்டும். கேட்டால் சொல்ல மாட்டார். "ஆகும்போது தெரியும்" என்பார். தினமும் குளித்து வந்ததும் முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து, கையைக் கம்பிக்கு வெளியே வெயிலில் நீட்டி வைத்துக்கொள்வார், குழந்தைக்குப் பால் புகட்டுகிறவர் மாதிரி. பட்டனை அழுத்துவார். முள் சுற்றி வந்து நிற்கும்வரை தெருவில் யார் வணக்கம் சொன்னாலும் பதில் வராது. முன்பெல்லாம் கடிகாரங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் இப்போது நிச்சயத்தோடு இருந்தார். காபி கொட்டுவது வாரத்தில் ஒருநாள் என்றிருந்தது மாறி, தோன்றியபோதெல்லாம் ஆயிற்று. "நான் சொல்லலை, ஆகாசம் சொல்றது" என்பார்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அப்போதுதான் தர்முவை இங்கே கொண்டுவந்தார்கள்.

தர்மு கல்யாணம் செய்துகொள்ளாதவள். நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணையத்தில் புற்று என்று அங்கே சொல்லி, திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். மருந்து கொடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னார். பாகீரதி தினமும் மத்தியானம் போய்வரலாம் என்று பஞ்சாபகேசன் அனுமதித்தார். ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். முதல் நாள் பழவங்காடியில் பஸ் சிக்கிக்கொண்டது. வந்து பார்த்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நல்ல மழை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டும் போகாமல் அவள் படியிலேயே நின்றாள். போனால் அதற்கும் ஒரு தண்டனை இருக்கும். வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தவர், நனைந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நெனவிருக்குமே" என்றார்.

அதற்கப்புறம் அவள் பிந்தவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தர்முவுக்கு மூச்சு வாங்கியது. கண் திறக்கவில்லை, ஆனால் அக்காவின் கையை விடவில்லை. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "அம்மா இன்னு நில்க்கு. போகண்டா" என்று மெதுவாக மலையாளத்தில் சொன்னாள். பாகீரதி வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"ஏன்னா, தர்முவுக்கு இன்னிக்கு ரொம்ப மோசமாயிருக்கு. நான் இங்கேயே இருந்துடட்டுமா?"

"டாக்டர் சொன்னாரா?"

"நர்ஸ் சொன்னா."

"நர்ஸ் டாக்டரா? ஆறு மணி."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். சுவரில் ஆஸ்பத்திரிக் கடிகாரம். அதை நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பிந்துமோ என்று பயமாக இருந்தது. கையை உருவிக்கொண்டபோது தர்மு கண்ணைத் திறந்தாள்.

"இன்னும் சித்த நாழி இருடீ" என்றாள்.

"காலம்பறவே வந்துடறேன். கதவைச் சாத்திடுவார்டீ."

தர்மு தலையை ஆட்டினாள், சரி போ என்பதுபோல. பாகீரதி ஆட்டோ பிடித்து, டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தாள்.

வாசலில் பஞ்சாபகேசன் நின்றிருந்தார். வாட்சைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பார்த்தியா? மனசு வெச்சா முடியறதே" என்றார். நாற்பது வருஷத்தில் அவளை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அவள் காபி கலந்து கொடுத்தாள். அவர் அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

"எங்கே கிளம்பறே?" என்றார் அவர். "இனிமே என்ன அவசரம்? ஆனது ஆயாச்சு. காலம்பற போனாப் போறும்."

டம்ளரில் மிச்சமிருந்த காபியை ஆற அமர முடித்தார். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அவர் முன்னால் அழ அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த மாசி மாதம் ஒரு காலையில் பஞ்சாபகேசன் குளியலறையில் விழுந்தார். சத்தம் கேட்டதும் பாகீரதி ஓடத்தான் ஓடினாள். கத்தி ஊரைக் கூட்டி, ஆம்புலன்ஸில் கூடவே போனாள். பக்கவாதம் என்றார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது, சொல்வதெல்லாம் புரியும், திருப்பிச் சொல்ல வராது. கிரீஷ் வந்து ஒரு வாரம் இருந்தான். பாறசாலையிலிருந்து ஜெஸ்லின் என்ற ஹோம் நர்ஸை ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். அவள் காலையில் வந்து அவரைத் துடைத்து, உடுத்தி, கைகால் அமுக்கிவிட்டு மத்தியானம் போய்விடுவாள்.

முன்னறை ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தது. இடதுகை நன்றாக இருந்தது. அந்த மணிக்கட்டில் வாட்ச். முதல் நாளே பாகீரதிக்குப் புரிந்துவிட்டது. கஞ்சி கொஞ்சம் பிந்தியபோது கட்டில் கம்பியில் வாட்சைத் தட்டினார். டக், டக், டக். அவள் ஓடி வந்ததும் கையைத் திருப்பி முகப்பைக் காட்டினார். ஊட்டப் போனபோது வாயை இறுக மூடிக்கொண்டார். அன்று அவளும் சாப்பிடவில்லை. பேச்சு போனவரிடம் வீடு இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஒருநாள் ஜெஸ்லின் அவருக்கு உடம்பு துடைக்கும்போது வாட்சைக் கழற்றித் துணி பீரோவில் வைத்தவள், அப்படியே மறந்து போய்விட்டாள். மறுநாள் எடுத்தபோது முள் ஓடாமல் நின்றது. ஜன்னலோரம் கொண்டுபோனாள். வெளிச்சம் பட்டதும் முட்கள் தாமாகவே சுற்றிச் சரியான மணிக்கு வந்து நின்றன.

"யம்மா, இங்க பாருங்க! இருட்டுல உறங்குது, வெட்டம் கண்டா முழிக்குது. என்ன ஒரு சாதனம்!"

"ஒரேடியா இருட்டுலயே இருந்தா?" என்று பாகீரதி கேட்டாள்.

"அப்ப செத்துப் போவும்னு தோணுது."

அந்த வாரமே கட்டில் இடம் மாறியது. சாமான் அறைக்கு அடுத்திருந்த உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. தெருத் தூசி அவருக்கு ஆகவில்லை, இருமுகிறார் என்றாள் பாகீரதி. ஒரு சின்ன மஞ்சள் பல்பு மட்டும் போட்டாள். குளிர்கிறது என்று முழுக்கைச் சட்டையை மாட்டி, மேலே கம்பளியைப் போர்த்தினாள். பஞ்சாபகேசன் கம்பளியை உதறுவார். அவள் மறுபடி போர்த்துவாள். "வெயில் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிருக்கார்" என்று ஜெஸ்லினிடம் சொன்னாள். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

வாட்ச் லேசில் சாகவில்லை. வயிற்றில் நிறையச் சேர்த்து வைத்திருந்தது. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை வந்து, ஓணம் கழிந்து, நவராத்திரியும் முடிந்தது. பிறகு ஒருநாள் விநாடி முள் ஒவ்வொன்றாக நகர்வதை விட்டுவிட்டு இரண்டிரண்டாகத் தாவ ஆரம்பித்தது. பஞ்சாபகேசனுக்கு அது என்னவென்று தெரியும். கையை உயர்த்தி அவளிடம் காட்டினார். கதவுப் பக்கம் கையை நீட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்ணில் நீர் வந்தது.

"என்ன வேணும்? தெரியலையே" என்றாள் பாகீரதி. நன்றாகத் தெரிந்தது. கையைப் பிடித்து மெல்லக் கம்பளிக்குள் வைத்தாள்.

முள் நின்ற பிறகு அந்த அறைக்குள் மணி என்பது அவள் வாயில் இருந்தது. ஜெஸ்லின் இருக்கும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அவள் போனதும் பாகீரதி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். பசியில் அவர் கம்பியைத் தட்டுவார். "இப்பத்தானே சாப்டேள்" என்பாள். அவர் தலையை ஆட்டி மறுப்பார். "மறந்து போச்சா? ரசம் சாதம். நன்னா சாப்டேளே." முதலில் அவர் கோபப்பட்டார். அப்புறம் சந்தேகப்பட ஆரம்பித்தார், தன் மேலேயே. அவள் அதை அவர் கண்ணில் பார்த்தாள். சாப்பிட்டோமா இல்லையா என்று ஒரு மனுஷன் தனக்குள்ளேயே துழாவுவதைப் பார்ப்பது அவளுக்கு அலுக்கவில்லை. நிஜமாகவே ஊட்டும்போது ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் நடுவில் தர்முவைப் பற்றி ஏதாவது சொல்வாள். தர்மு எப்படி சைக்கிள் கற்றுக்கொண்டாள், தர்முவுக்கு எந்தப் புடவை பிடிக்கும் என்று. அவர் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருப்பார். கரண்டியில் சாதம் காய்ந்துவிடும்.

அவளுக்கு உடம்பு தேறியது. பசி எடுத்தது. சாலை பஜாருக்குப் போய்ப் பாத்திரக்கடை, துணிக்கடை என்று சுற்றி, இஷ்டப்பட்டபோது திரும்பி வந்தாள். தெருவில் எல்லாரும், "பாகீரதி மாமி மாதிரி யாராலே முடியும்? ஒத்தை ஆளா எப்படிப் பார்த்துக்கறா" என்றார்கள். அதைக் கேட்கும்போது அவளுக்குக் கூச்சமாகக்கூட இல்லை.

ஜெஸ்லின் ஒருநாள் குடையை மறந்துவிட்டுப் போனவள், பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்தாள். வெளியே தார் ரோடு கொதிக்கிற மத்தியானம். உள்ளறையிலிருந்து பாகீரதியின் குரல் கேட்டது.

"ராத்திரியாயிடுத்து. எல்லாரும் தூங்கியாச்சு. இனிமே காலம்பறதான் சாப்பாடு. கண்ணை மூடிக்கோங்கோ."

ஜெஸ்லின் கதவருகே நின்றாள். கட்டிலில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார், அடி விழும் என்று பயந்த குழந்தையைப் போல. கன்னம் நனைந்திருந்தது.

"அம்மா, என்ன பண்ணுதீங்க?"

பாகீரதி திரும்பிப் பார்த்தாள். பதறவில்லை. "அவருக்கு நேரம் காலம் தெரியறதில்லை. அதான் சொல்லிக் கொடுக்கறேன்."

"மெலிஞ்சு மெலிஞ்சு எலும்பாப் போனது நோயினாலன்னுல்லா நான் நெனச்சேன்! இது பாவமில்லியா அம்மா? ஒரு சீவன் இல்லியா?"

"நீ என் தங்கையைப் பார்த்ததில்லை" என்றாள் பாகீரதி. ஜெஸ்லினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்க பாகீரதியும் முயலவில்லை. ஜெஸ்லின் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், தெருமுனையில் நின்றே கிரீஷுக்குப் போன் செய்தாள்.

கிரீஷ் இரண்டாம் நாள் வந்துவிட்டான். நேராக உள்ளறைக்குப் போனான். அந்த வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பாவைச் சக்கர நாற்காலியில் தூக்கி உட்கார வைத்து, முன்னறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். பஞ்சாபகேசன் வெளிச்சம் தாங்காமல் கையால் முகத்தை மறைத்தார். வெகுநேரம் கழித்துத்தான் கை இறங்கியது. தெருவில் ஸ்கூல் பஸ் போனது. அதை வாய் பிளந்து பார்த்தார்.

கிரீஷ் வாட்சைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வெயிலில் வைத்தான். அதற்கப்புறம்தான் அம்மாவிடம் வந்தான்.

"அப்பாவை ஏன் அந்த ரூம்ல வெச்சே?"

"வெளிச்சம் கண்ணைக் கூசறதுன்னார்."

"அவருக்குத்தான் பேச்சே இல்லையேம்மா!"

பாகீரதி ஜன்னல் விளிம்பிலிருந்த வாட்சைப் பார்த்தாள்.

"ஜெஸ்லின் சொன்னது நிஜமா? சாப்பாடு கொடுக்காம... பகலை ராத்திரின்னு சொல்லி... நீயா இப்படி?"

"தர்மு செத்த அன்னிக்கு உங்கப்பா என்ன சொன்னார்னு உனக்குத் தெரியுமோ?" என்று அவள் ஆரம்பித்தாள். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. மெதுவாகத்தான் சொல்ல வந்தது. ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் தொடங்கினாள்.

கிரீஷ் பாதியில் கையை உயர்த்தினான். "அம்மா, ப்ளீஸ். எனக்கு நாளன்னிக்கு ஜகார்த்தாவில மீட்டிங். சித்தி கதையெல்லாம் இப்ப கேட்க நேரமில்லை. நடந்தது நடந்துபோச்சு. இனிமே என்ன பண்ணணும்னு மட்டும் பார்ப்போம்."

தர்முவைப் பற்றி அவனிடம் அதற்கப்புறம் அவள் பேசவேயில்லை.

அவன் செய்ய வேண்டியதையெல்லாம் அன்றைக்கே செய்தான். உள்ளறையைப் பூட்டிச் சாவியை ஜெஸ்லினிடம் கொடுத்தான். அவளை முழுநாளும் இருக்கச் சொன்னான். முன்னறைச் சுவரில் ஒரு கேமரா, சமையலறை வாசலில் ஒரு கேமரா. இரண்டிலும் ஸ்பீக்கர் உண்டு. எந்த ஊரிலிருந்தாலும் போனில் பார்க்கலாம், பேசலாம். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றான். வாட்ச் வெயில் குடித்துத் தெளிந்திருந்தது. பட்டனை அழுத்தி, முள் சுற்றி நிற்பதைப் பார்த்து, அப்பாவின் கையில் கட்டிவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினான்.

இப்போது கிரீஷ் எந்த ஊரில் இருந்தாலும் இங்கத்து மணி அவனுக்குத் தெரியும். சில நாள் விமானம் ஏறும் முன் பேசுவான், சில நாள் மீட்டிங்குக்கு நடுவில். சமையலறைச் சுவரிலிருந்து அவன் குரல் வரும். "அம்மா, அப்பாவுக்குக் காபி டைம் ஆயிடுத்து." அவள் அண்ணாந்து பார்க்காமல் "தோ" என்பாள். "நேத்திக்கும் லேட், அம்மா. நான் பார்த்துண்டேதான் இருக்கேன்."

நேற்றும் அப்படித்தான் குரல் வந்தது. பாகீரதி டம்ளரை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஜெஸ்லின் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பஞ்சாபகேசன் ஜன்னலோரம் நல்ல வெயிலில் இருந்தார். வாட்ச் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கம்பியைத் தட்டவுமில்லை. காபி வாசனைக்கு மூக்கு விரிந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. இது நிஜக் காபிதானா, இப்போது குடிக்கலாமா என்று கேட்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமராவுக்கு அவள் முதுகுதான் தெரிந்திருக்கும். அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"ம், குடியுங்கோ" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார்.